இரண்டு ‘மார்க் போர்’

சிராங்கூன் சாலையில் ஒரு தேநீர்க் கடை. மாத்தா வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், “எங்க காலத்துல இடுப்புல வெப்லி மார்க் போர். அடக்கமான துப்பாக்கி” என்றார். எதிரே இருந்த இளைஞருக்குப் பழைய யுத்தப் புத்தகங்களில் பைத்தியம். “இல்லீங்க ஐயா, மார்க் போர்னா பெரிய துப்பாக்கி. போயர் யுத்தத்துக்குப் போனது” என்றார். தேநீர் ஆறியதே தவிர வழக்கு தீரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இருவர் சொன்னதும் உண்மை!

பர்மிங்ஹாம் நகரத்து வெப்லி கம்பெனியின் ரிவால்வரை பிரிட்டிஷ் ராணுவம் 1887இல் ஏற்றுக்கொண்டது. அதன் பெயர் மார்க் ஒன்று. சிறு மாற்றம் செய்யும்போதெல்லாம் எண் ஏறியது. 1899இல் வந்தது மார்க் நான்கு. இளைஞர் சொன்னது இதைத்தான். 1915இல் மார்க் ஆறு வந்தது. இவற்றின் குண்டு .455 அங்குலம், ஏறக்குறைய பதினொன்றரை மில்லிமீட்டர் கனம். பிறகு அதே கம்பெனி .38 அளவில் சிறிய ரிவால்வர் செய்தது. அதற்கும் ஒரு மார்க் நான்கு! பெரியவர் இடுப்பில் தொங்கியது இந்தத் தம்பி. ஒரே லயத்தில் இரண்டு முனியாண்டி இருந்தால் பெரட்டில் பெயர் கூப்பிடும் கிராணி என்ன பாடு படுவார்? அந்தக் கதைதான்.

குழப்பம் இதோடு நிற்கவில்லை. முதல் உலகப் போருக்குப் பின், 1921 முதல் 1926 வரை, அரசாங்கத்தின் என்பீல்டு ஆலையும் மார்க் ஆறைச் செய்தது. வடிவம் வெப்லியுடையது, முத்திரை என்பீல்டுடையது. பின்னர் ராணுவம் பெயரையே மாற்றி ‘நம்பர் 1 மார்க் 6’ என்றது. அடுத்து வந்த .38 துப்பாக்கிக்கு ‘நம்பர் 2 மார்க் 1’ என்று பெயர். ஆக, மார்க் ஆறு பழையது, மார்க் ஒன்று புதியது! எண் பெரிதென்றால் புதிது என்று கணக்குப் போட்டால் ஏமாந்து போவோம்.

இந்த நம்பர் 2 விஷயத்தில் ஒரு வழக்கும் உண்டு. ராணுவத்துக்குச் சிறிய ரிவால்வர் வேண்டும் என்றதும் வெப்லி கம்பெனி மாதிரி செய்து கொடுத்தது. அரசாங்கம் அதைப் போன்ற ஒன்றை என்பீல்டிலேயே செய்யத் தொடங்கியது. எங்கள் உழைப்புக்குக் கூலி 2,250 பவுன் என்று வெப்லி கேட்டது. கேப்டன் பாய்ஸ் என்ற எங்கள் ஆள் வரைந்தது, வெப்லி உதவி மட்டுமே செய்தது என்றது என்பீல்டு. கடைசியில், கண்டுபிடிப்பாளர்களுக்குச் சன்மானம் வழங்கும் ராயல் கமிஷன் 1,250 பவுன் கொடுக்கச் சொன்னது. கேட்டதில் பாதிக்குச் சற்று மேல். ஆனால் துப்பாக்கியின் பெயர் என்பீல்டுதான். செய்தவன் ஒருவன், பெயர் ஒருவனுக்கு என்பது நம் தோட்டங்களில் தெரியாத சங்கதியா!

அடுத்தது நட்சத்திரம். எழுத்தில் சின்னப் பொட்டு மாதிரித்தான் இருக்கும். நம்பர் 2 மார்க் 1 என்பதோடு ஒரு நட்சத்திரம் சேர்ந்தால், தோட்டாவைத் தட்டும் சுத்தியின் கொண்டை நீக்கப்பட்டது என்று பொருள். டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது எதிலும் மாட்டிக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு என்பார்கள். சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்த அதே 1942இல் இரட்டை நட்சத்திரம் வந்தது. போர் அவசரத்தில், சுத்தி தானாகத் தோட்டாவில் படாமல் தடுக்கும் சிறு துண்டை விட்டுவிட்டார்கள். அது இல்லாத துப்பாக்கி கை தவறிக் கீழே விழுந்தால் வெடித்துவிடலாம். போருக்குப் பின் அவற்றைத் திரும்ப வாங்கி அந்தத் துண்டைப் பொருத்தினார்கள். ஒரு நட்சத்திரமா இரண்டா என்று பார்க்கத் தவறினால் உயிருக்கே ஆபத்து.

தோட்டாவின் பெயரும் லேசுப்பட்டதல்ல. ‘38/200’ என்பதில் 200 என்பது குண்டின் எடை. 200 கிரெயின், சுமார் 13 கிராம். பிறகு உறை போட்ட குண்டு வந்தபோது எடை 178 கிரெயின் ஆயிற்று. ஆனாலும் பலர் வாயில் 38/200 என்ற பழைய பெயரே நிலைத்தது. ராணுவமோ அதை .380 என்றது. அந்தப் பெயரில் தானியங்கித் துப்பாக்கிக்கு வேறொரு குட்டைத் தோட்டாவும் உண்டு. ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது.

சரி, தேநீர்க் கடைக்கு வருவோம். இளைஞர் கடைசியாக ஒன்று கேட்டார்: “ஐயா, உங்க துப்பாக்கியில விசை அமுங்காம இருக்கப் பூட்டு ஏதாச்சும் இருந்ததா?”

“இருந்துச்சே தம்பி. அதைத் திறக்காம சுட முடியாது.”

ரிவால்வர்களில் அப்படிப் பூட்டு வைப்பது அபூர்வம். சிங்கப்பூர் போலீசுக்காகச் செய்த .38 வெப்லியில் அது உண்டு. இளைஞர் ஒன்றும் பேசாமல் பெரியவருக்கு இன்னொரு தேநீர் சொன்னார்.