புத்தகத்தில் யாருடைய பெயர்?

மதுரங்குளிச் சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கி, தென்னந்தோட்டத்துக்கு நடுவே போகும் மணற்பாதையில் சிறிது தூரம் நடந்தால் எமது சிறுசேமிப்புக் குழு கூடும் வீடு வந்துவிடும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போவது என் வழக்கம். சேமிப்புக் கொப்பிகளைப் பார்ப்பது, புதிய கடன் விண்ணப்பங்களை வாசிப்பது, பிறகு பிளேன்ரீ. கூட்டம் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். ஆனால் கடந்த சில மாதங்களாகக் கொப்பிகளைத் திறக்க முன்னரே வேறொரு கதை தொடங்கிவிடுகிறது. அடுத்து எந்த வாகனம் வாங்கலாம் என்பதே அந்தக் கதை.

பெண்கள் கூடினால் நகை, சாறி, சமையல் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைப்பவர்கள் ஒருமுறை இங்கே வந்து இருந்து கேட்க வேண்டும். லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர், எந்த வாகனத்துக்குச் சாமான் மலிவு, எது மணலில் புதையும் என்று கராஜில் நிற்பதைப்போல விவாதம் நடக்கும்.

விவாதத்துக்குக் காரணமானவர் எமது குழுவின் ஓட்டோச் சகோதரி. யுத்தத்தில் கணவரை இழந்தவர். காலையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவார். பகலில் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகும் தாய்மாருக்கு ஹயர். லீசிங் போட்டு எடுத்த அந்த ஓட்டோவின் கடைசித் தவணையை அண்மையில்தான் கட்டி முடித்தார். "இனி என்ன செய்யப் போறீங்க?" என்று யாரோ கேட்டார்கள். அவர் வெட்கத்துடன், "ஒரு சின்னக் கார் எடுத்தா என்ன எண்டு யோசிக்கிறன்" என்றார். அவ்வளவுதான், வீடு இரண்டாகப் பிரிந்துவிட்டது.

காலமும் அதற்கேற்றதாக அமைந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி முதலாந் திகதியிலிருந்து தனியார் வாகனங்களுக்கும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களாகப் பழைய வாகனங்களே கைமாறிக் கைமாறி விலையேறிக்கொண்டிருந்தன. புதியவை வரத் தொடங்கியதும் பழையவற்றின் விலை இறங்கும் என்று பலர் காத்திருக்கிறார்கள்.

காருக்காக வாதாடியவர்களில் முதலாமவர் ஒரு ராத்தா. தையல் வேலை செய்கிறார். யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் பிறந்தவர். அவருடைய வாப்பா ஒஸ்டின் ஏ 40 ஒன்றை வாடகைக்கு ஓடியவர். வீதியில் போகும் வாகனத்தைப் பாராமலே, சத்தத்தைக் கேட்டு இன்ன வாகனம் என்று ராத்தா சொல்லிவிடுவார். நாங்கள் சிலவேளை வேண்டுமென்றே சோதித்துப் பார்ப்போம். பிழைத்ததில்லை.

1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டபோது ராத்தாவுக்குப் பன்னிரண்டு வயது. அந்த மாதத்தில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்குத்தான். மதுரங்குளி, பாலாவி, கற்பிட்டிப் பக்கங்களில் ஓலைக் கொட்டில்களில் அவர்களது வாழ்க்கை மீண்டும் தொடங்கியது. ராத்தாவின் வாப்பா காரை விட்டுவிட்டு வந்தார். காரின் புத்தகமும் வீட்டு அலுமாரியிலேயே கிடந்துவிட்டது. "கார் போனத விட புத்தகம் போனதுதான் வாப்பாவுக்குப் பெரிய கவல. எனக்கொரு கார் இரிந்திச்சு எண்டு சொல்லக் காட்ட ஒண்டும் இல்லயே எண்டு மௌத்தாகுமட்டும் சொல்லிட்டு இரிந்தார்" என்றார் ராத்தா.

அந்தப் பழைய கார்களைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போவது தடைப்பட்டது. கறுப்புச் சந்தையில் போத்தல் கணக்கில் விற்ற பெற்றோலைக் கொண்டு கார் ஓட யாரால் முடியும்? அப்போது கைகொடுத்தவை ஒஸ்டின், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் போன்ற பழைய பிரித்தானியக் கார்களே. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கிச் சூடாக்கிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அந்த எஞ்சின்கள் எரிபொருளை அதிகம் அழுத்தாத பழைய வகை என்பதால் மண்ணெண்ணெயிலும் இருமி இருமி ஓடின. புதிய எஞ்சின்களுக்கு அது ஒத்துவராது. நாற்பது வருடம் பழைய கார் பெறுமதி மிக்கதாகவும் புதிய கார் கொட்டிலுக்குள் உறங்குவதாகவும் இருந்த காலம் அது. என் அம்மா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனதும் அப்படியொரு மண்ணெண்ணெய்க் காரில்தான். புகை மணம் இன்னும் மூக்கில் நிற்கிறதாம்.

ஆகவே நல்ல வாகனம் எது என்பது காலத்தையும் இடத்தையும் பொறுத்தது. 2022 ஐ நாங்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா வரை போனது. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றரும் ஓட்டோவுக்கு 5 லீற்றரும் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் கிடைத்தன. ஐந்து லீற்றரில் ஒரு கிழமைக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி உழைக்கவும் வேண்டும் என்றால் எப்படி? ஓட்டோச் சகோதரி அந்த நாட்களில் பகல் ஹயரை விட்டுவிட்டுப் பாடசாலை ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார். காருக்கு 20 லீற்றர் கொடுத்தார்களே என்ற ஆதங்கம் அவரது மனதில் அப்போதே விழுந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

சரி, எந்தக் கார்? மாருதி 800 என்றார் ஒருவர். 796 சீசீ, மூன்று சிலிண்டர், எந்தக் கராஜ் பாஸும் கண்ணை மூடிக்கொண்டு திருத்துவார். ஆனால் இந்தியாவில் 2014 ஜனவரியிலேயே அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்டது. இருப்பவை எல்லாம் வயது போனவை. நானோ என்றார் இன்னொருவர். 2009 இல் ஒரு இலட்சம் இந்திய ரூபாக் கார் என்று பெயரெடுத்து வந்த அதற்கு இரண்டே சிலிண்டர், எஞ்சின் பின்பக்கம். ஆரம்பத்தில் வந்தவற்றின் பின்கதவை வெளியிலிருந்து திறக்க முடியாது. பிள்ளைகளின் புத்தகப் பைகளை எங்கே வைப்பது என்று கேட்டதும் நானோ விலக்கப்பட்டது. கருவாடு விற்கும் சகோதரிக்கு டிமோ பட்டாவில்தான் கண். "கார் சோறு போடாது, பட்டா போடும்" என்பது அவர் கட்சி. ராத்தாவோ சுசுக்கி எவ்ரி வான் என்று ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் ஓட்டோச் சகோதரியின் மனம் பழைய அல்ட்டோ ஒன்றில் போய் நின்றது.

கூட்டத்தில் அதுவரை பேசாமல் இருந்தவர் ஒருவர். சவூதியில் பணிப்பெண்ணாகப் பத்து வருடம் இருந்துவிட்டு வந்தவர். "பத்து வருசமும் பின் சீட்டிலதான் போனன் மிஸ். பாத்துப் பாத்தே ஓடப் பழகிட்டன். ஆனா ஒருநாளும் தொடல்ல" என்றார். அந்த நாட்டில் பெண்கள் வாகனம் ஓட்ட அனுமதிக்கப்பட்டது 2018 ஜூன் 24 இல்தான். அதற்கு முன்னரே இவர் ஊர் திரும்பிவிட்டார். இப்போது லைசன் எடுக்கப் பழகுகிறார்.

உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணத்தைச் செய்தவர் ஒரு பெண் என்பதை அன்று அவர்களுக்குச் சொன்னேன். ஜேர்மனியைச் சேர்ந்த பேர்த்தா பென்ஸ், 1888 ஓகஸ்டில் கணவரிடம் சொல்லாமல் தன் இரண்டு ஆண் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து போட்ஸ்ஹைமிலுள்ள தாய்வீட்டுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிப் போனார். எரிபொருளை வழியில் ஒரு மருந்துக் கடையில் வாங்கினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். அந்தக் காரை உருவாக்கிய தொழிலுக்குப் பணம் வந்தது பேர்த்தாவின் சீதனத்திலிருந்து. 1886 இல் பெற்ற காப்புரிமைப் பத்திரத்தில் இருந்ததோ கணவர் கார்ல் பென்ஸின் கம்பனியின் பெயர் மட்டும்.

"அப்ப காசு அவவுட, பேர் அவருட" என்றார் ராத்தா. எல்லோரும் சிரித்தோம். நான் அன்று உண்மையில் பேச வந்த விடயமும் இதுதான். வாகனம் வாங்கும்போது நிறத்தையும் எஞ்சினையும் பார்க்கிறோம். புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதை எத்தனை பேர் பார்க்கிறோம்?

ஓட்டோச் சகோதரியிடம் புத்தகத்தின் பிரதியைக் கொண்டுவரச் சொன்னேன். அதில் பதிவு செய்யப்பட்ட உரிமையாளர் அவர்தான். ஆனால் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர். கடைசித் தவணை கட்டியவுடன் அது தானாக நீங்கிவிடும் என்று அவர் நினைத்திருந்தார். நீங்காது. கம்பனியிடமிருந்து விடுவிப்புக் கடிதமும் மூலப் புத்தகமும் பெற்று, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்தப் பெயரை நீக்கும்வரை அவரால் ஓட்டோவை ஒழுங்காக விற்கவும் இயலாது.

இதில் நானும் உத்தமியல்ல. சமூகவியல் படித்துப் பட்டம் பெற்ற நான், என் பழைய ஸ்கூட்டியை 'ஓபன் பேப்பரில்' வாங்கினேன். அதாவது விற்றவர் கையெழுத்திட்ட மாற்றுப் படிவங்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, பெயரை மாற்றாமலே ஒன்றரை வருடம் ஓடினேன். ஒருநாள் ஸ்கூட்டி களவு போனது. பொலிஸுக்குப் போனால், புத்தகத்துக்குரியவர் வரட்டும் என்றார்கள். அவரோ அதற்குள் வெளிநாடு போய்விட்டார். ஸ்கூட்டி மூன்றாம் நாள் ஒரு வளவுக்குள் கிடைத்தது என் அதிர்ஷ்டம். அடுத்த கிழமையே பெயரை மாற்றினேன்.

லீசிங் பற்றியும் ஒரு கணக்குப் போட்டோம். பத்து இலட்சம் ரூபாவை 14 சதவீத 'பிளாட்' வட்டியில் நான்கு வருடத்துக்கு எடுத்தால் வட்டி மட்டும் 5 இலட்சத்து 60 ஆயிரம். மாதம் 32,500 ரூபா கட்ட வேண்டும். முதல் குறையக் குறைய வட்டி குறைவதில்லை, கடைசி மாதத்திலும் முழுப் பத்து இலட்சத்துக்கே வட்டி. குறையும் மீதிக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் இது ஏறத்தாழ 24 சதவீதம். "பதினாலு எண்டுதானே சொன்னான்!" என்று ஒருவர் தலையில் கைவைத்தார். நுண்கடனால் பட்ட பாடு நமக்குப் புதிதல்ல. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது. வாகன லீசிங்கில் தவணை தவறினால் வாசலில் நிற்கும் வாகனத்தையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்க.

கருவாட்டுச் சகோதரி இந்தக் கதைகளுக்கிடையே எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். வவுனியாவிலிருந்து உடப்புக்கு உறவினரிடம் வந்தவர் அவர். கணவர் 2008 இல் வீட்டைவிட்டுப் போனவர் திரும்பவில்லை. கணவரின் ஓட்டோ இன்றும் வவுனியாவில் தாய்வீட்டு வளவில் நிற்கிறது. புத்தகம் கணவரின் பெயரில். பாகங்களுக்காகக் கேட்டு வந்தவர்களைத் தாயார் திருப்பி அனுப்பிவிட்டார். மரணச் சான்றிதழ் எடுத்தால் மாற்றலாம் என்று பலர் சொன்னார்கள். 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதற்கு இடமும் இருந்தது. "அவர் செத்துப்போனார் எண்டு நான் எப்படிக் கையெழுத்து வைக்கிறது?" என்பதே அவரது கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

2016 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனவர் இறந்ததாகச் சொல்லாமலே 'காணப்படாமைச் சான்றிதழ்' பெற வழி செய்யப்பட்டது. சொத்து, பிள்ளைகளின் பொறுப்பு, நிவாரணம் ஆகிய விடயங்களில் குடும்பத்தார் அதைக்கொண்டு முயலலாம். வாகனம் போன்றவற்றுக்கு நீதிமன்றத்தை நாடவும் நேரலாம். எனவே சட்ட உதவி ஆணைக்குழுவிடம் முதலில் ஆலோசனை கேட்பது நல்லது. கிணற்றடியில் வைத்து இதை அவரிடம் மெதுவாகச் சொன்னேன். படிவத்தை வாங்கிப் பார்ப்போம் என்றார். விற்பதற்காக அல்ல என்றும் உடனே சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து நான் போனபோது ஓட்டோச் சகோதரி கம்பனியின் விடுவிப்புக் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார். பெயரை நீக்கிய புத்தகம் வந்தபின்தான் அடுத்த வாகனம் என்று முடிவு. அதுவரை ஓட்டோத் தவணைக்குக் கட்டிய அதே தொகையை மாதாமாதம் சேமிப்பில் போடுகிறார். கையில் பாதிக் காசாவது சேராமல் லீசிங் பக்கம் போவதில்லை என்கிறார். ராத்தாவுக்கு இந்தத் தாமதம் பிடிக்கவில்லை. விலை இன்னும் ஏறிவிட்டால் என்ன செய்வது என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

இருந்தாலும் பார்ப்பதற்குக் காசு வேண்டாமே. அன்று பின்னேரம் பாலாவிப் பக்கம் ஒரு அல்ட்டோ விலைக்கு நிற்பதாகக் கேள்விப்பட்டு ஓட்டோவில் நாலு பேரும் போனோம். விற்பவர் எஞ்சினை இயக்கிக் காட்டினார், துடைத்து மினுக்கிய கதவுகளைத் திறந்து காட்டினார். ராத்தா எதையும் பார்க்கவில்லை. பையிலிருந்து ரோர்ச் லைற்றை எடுத்து, அபாயாவைச் சுருட்டிக்கொண்டு மணலில் குந்திக் காரின் அடிப்பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். விரலால் ஓரிடத்தைச் சுரண்டினார். செந்துருப் பொடி கொட்டியது.

"எஞ்சின் நல்லம். அடி முழுக்க உப்புக்காத்து திண்டிட்டு" என்று எழுந்தவர், விற்பவரிடம் திரும்பி, "எதுக்கும் புத்தகத்தக் காட்டுங்க, பாப்பம்" என்றார்.