கடைக்குச் சரக்கு வண்டி வாங்குமுன்...

சொந்தமாக ஒரு சரக்கு வண்டி வாங்கிப் போடலாமா, வாங்கினால் எந்த வண்டி என்று நம்மிடம் யோசனை கேட்கும் மளிகைக் கடைக்காரர்கள் பலர். மதுரை கீழமாசி வீதியில் நீண்ட காலமாக மொத்த வியாபாரம் செய்து வருவதால், தினமும் எத்தனையோ வண்டிகள் நமது கடை வாசலில் நின்று சரக்கு ஏற்றிப் போவதைப் பார்த்து வருகிறோம். அந்த அனுபவத்தில் சில விஷயங்களை வணிக நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

2005இல் டாடா ஏஸ் வந்தது. நம் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தார்கள். அன்று வந்த வண்டியில் இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின், 16 குதிரைத் திறன், ஏற்றக்கூடிய சுமை 750 கிலோ. குட்டி என்பதை மறந்துவிட்டு யானை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டவர்கள் அதிகம். 2011இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றே கால் டன் சுமைக்கு வந்தது. மஹிந்திரா பொலேரோ பிக்கப்பில் 1.3 டன், 1.7 டன் என்று வகைகள் உண்டு. மூன்று சக்கர லோடு ஆட்டோ என்றால் சுமார் அரை டன்தான்.

விற்பனைக்காரர் "தாராளமாக ஏற்றலாம் அண்ணாச்சி" என்றுதான் சொல்வார். அவர் வியாபாரம் அது. நாம் பார்க்க வேண்டியது ஆர்.சி.யில் உள்ள இரண்டு எண்களை: வண்டியின் வெற்று எடை, சுமையோடு இருக்கலாம் என்று அனுமதித்த மொத்த எடை. இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால் வருவது முழுக்கச் சரக்குக்கு என்று எண்ண வேண்டாம். சட்டப்படி வெற்று எடையில் டிரைவர், உதவியாள் எடை சேராது. உதாரணமாக மொத்த எடை 1,600 கிலோ, வெற்று எடை 850 கிலோ என்றால் மீதி 750. டிரைவரும் சுமை தூக்குபவரும் சேர்ந்து 130 கிலோ. சரக்குக்கு நிற்பது 620. அரிசி 20 மூட்டை, சர்க்கரை 2 மூட்டை, அத்தோடு கணக்கு முடிந்தது. எண்ணெய் டின்னும் பருப்பும் கடை வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். பின்னால் கூண்டு கட்டினால் அந்த இரும்பின் எடையும் இந்த 620இல்தான் கழியும்.

(அரிசி மூட்டையை 26 கிலோவாகக் கணக்கிட்டோம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய பைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்த பிறகு 26 கிலோ பை எப்படிப் பிறந்தது என்பது உறுப்பினர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.)

ஆகவே வண்டி பார்க்கப் போகுமுன் ஒரு மாதக் கொள்முதல் பில்களை எடுத்து, ஒவ்வொரு நடைக்கும் எடையைக் கூட்டிப் பாருங்கள். பொரி, அப்பளம், சேமியா, நொறுக்குத் தீனி அதிகம் கொள்முதல் செய்பவருக்கு எடை பிரச்சினையே இல்லை, இடம்தான் வேண்டும். அவருக்குச் சிறிய வண்டியில் மூடிய கூண்டு போதும். அரிசி, பருப்பு, எண்ணெய் என்று கனத்த சரக்கு எடுப்பவர் நீளத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. 7 அடித் தொட்டியில் அரிசி மூட்டை பாதி உயரம் அடுக்குமுன்பே அனுமதித்த எடை தீர்ந்துவிடும். இடம் காலியாக இருக்கிறதே என்று மேலும் அடுக்குவதில்தான் வினை வருகிறது.

தேனிப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் 750 கிலோ வண்டியில் 60 மூட்டை அரிசி கேட்டார். 1,560 கிலோ. மூன்று நடையாக எடுங்கள் என்று நாம் சொன்னதற்கு, "பட்டை கூடுதலாகப் போட்டிருக்கிறேன், தாங்கும்" என்றார். ஆண்டிபட்டிக் கணவாய் இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், டிரைவர் புத்திசாலித்தனமாக மண் மேட்டில் ஏற்றி நிறுத்தினார். டிரைவருக்குக் கை முறிந்ததோடு போயிற்று. இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் கேட்டது சரக்கு பில்லைத்தான். கேட்ட தொகை முழுதாகக் கிடைக்கவில்லை.

பட்டை போடுவதால் வண்டி உட்காராமல் நிமிர்ந்து நிற்கும், அவ்வளவே. பிரேக், அச்சு, டயர் மூன்றும் பழையபடியேதான். நிமிர்ந்து நிற்பதைப் பார்த்துச் சுமை குறைவு என்று டிரைவரும் நம்பிவிடுவதால் இது கூடுதல் ஆபத்து. பழைய வண்டி வாங்குவோர் குனிந்து பட்டைகளை எண்ணிப் பார்க்கவும். கூடுதலாக இருந்தால் அந்த வண்டி எப்படி உழைத்தது என்பது தெரிந்துவிடும்.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் தனி. சரக்கு பக்கவாட்டிலோ பின்னாலோ அளவுக்கு மீறி நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000தான். ஒரு நடை வாடகையை மிச்சம் பிடிக்கப் போய் எத்தனை மூட்டையின் லாபத்தை இழக்கிறோம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மற்ற விவரங்கள் சுருக்கமாக. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. எஃப்.சி. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, பிறகு வருடந்தோறும். இலகு ரக வாகன லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை ஓட்டலாம் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. கேஸ் சிலிண்டரோ பேட்டரியோ உள்ள வண்டியானால் அவற்றின் எடையும் வெற்று எடையில் சேர்ந்திருக்கும். எனவே கழித்தல் கணக்கை அந்த வண்டிக்கே தனியாகப் போட வேண்டும்.

வாரம் இரண்டு நடை மட்டும் போகிற கடைக்குச் சொந்த வண்டி தேவையா என்பதே நம் கேள்வி. தவணை, இன்சூரன்ஸ், டிரைவர் சம்பளம் மூன்றும் வண்டி நின்றாலும் ஓடும். ஒரே தெருவில் நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே வாடகை வண்டியை நாள் வைத்து எடுப்பது பல ஊர்களில் நன்றாக நடக்கிறது.

வாங்கிவிட்டவர்கள் முதல் நடையிலேயே வழக்கமான சரக்கோடு எடை மேடையில் ஏற்றி ஒரு சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளவும். கனத்த மூட்டை கேபினை ஒட்டிக் கீழே, இலேசான பெட்டி பின்னால் மேலே. வால்பக்கம் கனம் கூடினால் முன் சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் பிடி கொடுக்காது. சரக்கின் மேல் ஆளை உட்கார வைக்க வேண்டாம். எத்தனை மூட்டை வரை என்பதைக் கேபின் கதவில் பெயிண்டால் எழுதி வைத்தால், முதலாளி இல்லாத நேரத்திலும் சுமை தூக்குபவர் அந்த எண்ணோடு நிறுத்திக்கொள்வார்.