சுவர் போனது, திரை வந்தது

இங்கிலாந்தில் ஒரு பப்பில் ஸ்கை சேனலில் மேட்ச் ஓடும்போது திரையின் மூலையைக் கவனித்தால், குட்டியாக ஒரு பீர் கிளாஸ் படம் தெரியும். வீட்டில் பார்ப்பவர்களுக்கு அந்தப் படம் வராது. பப்களுக்கென்று இருக்கும் தனிக் கட்டணத்தைக் கட்டியவர்களுக்கு மட்டும் வரும். சோதனைக்கு வருகிறவர் ஒரு பைன்ட் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றாலே போதும். முதலாளி வீட்டு இணைப்பைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறாரா, முறையாகப் பணம் கட்டியிருக்கிறாரா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அந்த நாட்டில் பீரும் பந்தும் அவ்வளவு நெருக்கம். ஆனாலும், நல்ல பீர் ஊற்றுகிற பப்பில் நேரலையில் விளையாட்டு காட்டலாமா கூடாதா என்ற வழக்கு முப்பது வருஷத்துக்கு மேலாக ஓயவில்லை. நல்ல பீரைத் தேடி வருகிறவர், பேசிக்கொண்டு நிதானமாகக் குடிக்க வந்த இடத்தில் வர்ணனையாளர் கத்துகிறாரே என்கிறார். ஆட்டத்துக்கு வருகிறவர், நான் குடிப்பதும் பீர்தான், எனக்கும் இந்தப் பப்பில் பாத்தியதை உண்டு என்கிறார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இருவருமே டிவியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கோ அந்த டிவி வருவதற்கு முன்பே இடிக்கப்பட்ட சுவர்கள்தான் கண்ணில் படுகின்றன.

பப்பில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று கேட்பது சரித்திரம் தெரியாத கேள்வி. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் பிறந்ததே ஒரு மதுக்கடையில்தான். 1863 அக்டோபர் 26 அன்று லண்டன் கிரேட் குவீன் தெருவில் இருந்த ஃப்ரீமேசன்ஸ் டாவர்னில் கூடித்தான் அதைத் தொடங்கினார்கள். கிரிக்கெட் அதற்கும் மூத்தது. 18-ஆம் நூற்றாண்டில் பெயர் பெற்ற ஹாம்பிள்டன் அணி ஆடிய மைதானத்துக்கு எதிரே பேட் அண்ட் பால் என்ற விடுதி இருந்தது. அதை நடத்திய ரிச்சர்ட் நைரன்தான் அணிக்கும் தலைவர். லிவர்பூலில் ஜான் ஹோல்டிங் பீர் காய்ச்சுகிற முதலாளி, எவர்டன் கிளப்பின் பெரிய தலை. ஆன்ஃபீல்ட் மைதானத்துக்கு அருகில் இருந்த அவருடைய சாண்டன் ஹோட்டலில்தான் ஆட்டக்காரர்கள் உடை மாற்றினார்கள். வாடகைத் தகராறில் 1892-ல் எவர்டன் வேறு மைதானத்துக்குக் கிளம்பிவிட, காலியாகக் கிடந்த ஆன்ஃபீல்டுக்காக ஹோல்டிங் புதிதாக ஓர் அணியை உண்டாக்கினார். அதுதான் லிவர்பூல் எஃப்.சி.

ஆகவே விளையாட்டு பப்புக்குப் புதிதாக வந்த விருந்தாளி இல்லை. அன்றைக்கு அதற்கென்று அங்கே தனி இடம் இருந்தது, அவ்வளவுதான்.

பழைய பப் ஒரே கூடமாக இருக்காது. தெருவிலிருந்து நுழைந்தால் பப்ளிக் பார். வெறும் பலகைத் தரை, மர பெஞ்சு, சுவரில் டார்ட்ஸ் பலகை, மேஜையில் டோமினோ. வேலை முடிந்து அழுக்குச் சட்டையோடு வருகிறவர்கள் அங்கே உட்காருவார்கள். இன்னொரு கதவைத் திறந்தால் சலூன் பார். தரையில் கம்பளம், மெத்தை வைத்த நாற்காலி. அதே பீப்பாயிலிருந்து வரும் அதே பீருக்கு இங்கே கொஞ்சம் கூடுதல் விலை. இவற்றுக்கு நடுவே ஸ்னக் என்று நாலைந்து பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன அறை. அதற்குத் தனியாக ஒரு ஜன்னல் வழியே பீர் வரும். ஊர்க்கண்ணில் படாமல் ஒரு கிளாஸ் குடிக்க விரும்பிய பெண்கள் அங்கே உட்கார்ந்தார்கள். டார்ட்ஸ் ஆட்டத்தில் கூச்சல் உச்சத்தில் இருந்தாலும், ஸ்னக்கில் இருக்கும் பாட்டிக்கு அது பக்கத்து வீட்டுச் சத்தம் போலத்தான் கேட்கும்.

அன்றைய சனிக்கிழமைகளில் கால்பந்தும் பப்பும் முறை வைத்துக்கொண்டன. முதல் உலகப் போர்க் காலத்துச் சட்டத்தின் மிச்சமாக, பப்கள் பிற்பகலில் பூட்டிவிட வேண்டும். மதியம் இரண்டு பைன்ட் குடித்துவிட்டு மைதானத்துக்கு நடந்தால் 3 மணிக்கு ஆட்டம். ஆட்டம் முடிந்து வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் பப் மறுபடி திறக்கும். அதற்குள் முடிவுகளை அச்சடித்த மாலை விளையாட்டுப் பத்திரிகை வந்துவிடும். ஷெஃபீல்டில் அது பச்சைத் தாள், மான்செஸ்டரில் இளஞ்சிவப்பு. மைதானத்துக்குப் போனவர் போகாதவருக்கு ஆட்டத்தைச் சொல்லுவார். கோல் விழுந்த விதத்தை உப்புச் சாடியையும் கிளாஸையும் நகர்த்திக் காட்டுவார். எதிரே இருப்பவர் பத்திரிகையைப் பார்த்து மறுப்பார். பப் என்பது ஆட்டத்தை வாயால் திரும்ப ஆடுகிற இடமாக இருந்தது. குடிக்க வந்தவர் யாரும் அதைத் தொந்தரவு என்று சொன்னதில்லை. அதுவும் பேச்சுதானே.

டிவியில் லீக் ஆட்டங்கள் ஒழுங்காக நேரலையில் வரத் தொடங்கியதே 1983-ல்தான். அதற்கு முன் எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டம், உலகக் கோப்பை என்று வருஷத்தில் சில நாட்கள் மட்டுமே.

சுவர்கள் விழுந்தது அதற்கு முன்னாலேயே. 1960-களிலிருந்து பெரிய மதுக் கம்பெனிகள் பப்களைப் புதுப்பிக்கிறோம் என்று உள்சுவர்களை இடித்துத் தள்ளின. ஒரே கூடமானால் ஒரே கவுன்ட்டர், குறைந்த ஆட்கள், எல்லா மூலையும் கண்ணுக்கு எட்டும். உரிமம் கொடுக்கிற நீதிபதிகளுக்கும் அதுவே பிடித்தது. அதே கம்பெனிகள்தான் உயிருள்ள பீரை ஒதுக்கிவிட்டு, வடிகட்டி, சூடேற்றி, வாயு ஏற்றிய கெக் பீரை நாடு முழுக்கத் திணித்தன. பீரைக் காப்பாற்ற 1971-ல் காம்ரா இயக்கம் புறப்பட்டது. இன்று இங்கிலாந்தில் கைப்பம்பில் இழுத்த நல்ல ஏல் வகைப் பீர் கிடைக்கிறதென்றால் அதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சுவருக்காகவும் அவர்கள் பின்னால் வந்தார்கள். பழைய உள்ளமைப்பு மாறாத பப்களைத் தேடிப் பட்டியல் போட்டார்கள். அதற்குள் பெரும்பாலான பப்களில் இடிக்க வேண்டியதையெல்லாம் இடித்து முடித்திருந்தார்கள்.

இந்த ஒற்றைக் கூடங்களுக்குள்தான் 1992-ல் பிரீமியர் லீக் வந்து இறங்கியது. ஐந்து வருட ஒளிபரப்பு உரிமைக்கு ஸ்கையும் பிபிசியும் சேர்ந்து 30 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தன. நேரலை முழுவதும் ஸ்கை கையில். வீட்டில் டிஷ் வாங்க முடியாதவர்கள் பப்புக்கு வந்தார்கள். இன்னொரு கூட்டமும் வந்தது, அவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1989 ஏப்ரலில் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கியவர்களில் 97 பேர் உயிரிழந்தார்கள். அதை விசாரித்து அடுத்த வருடம் வந்த டெய்லர் அறிக்கையின்படி, பெரிய மைதானங்களில் நின்று பார்க்கும் படிகள் ஒழிந்து எல்லாம் இருக்கைகளாயின. பாதுகாப்புக்கு அது அவசியம்தான். ஆனால் டிக்கெட் விலையும் கூடவே ஏறியது. தலைமுறை தலைமுறையாக நின்று பாடியவர்களில் பலருக்கு மைதானம் எட்டாமல் போனது. பப்பில் திரைக்கு முன் தோளோடு தோள் உரசி நின்று கத்துகிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். மைதானத்தில் இழந்த படிக்கட்டைத்தான் அவர்கள் பப்புக்குள் கட்டிக்கொண்டார்கள்.

பப் முதலாளிக்கு இது வரமாகவும் சுமையாகவும் வந்து சேர்ந்தது. கட்டணம் பப்பின் வரி மதிப்பைப் பொறுத்து ஏறும். மாதம் ஆயிரம் பவுண்டுக்கு மேல் கட்டுகிற பப்கள் நிறைய. போர்ட்ஸ்மத்தின் சவுத்சீ பகுதியில் ரெட், ஒயிட் அண்ட் புளூ என்ற பப்பை நடத்திய கேரன் மர்ஃபி, அந்தப் பணத்துக்குப் பதில் கிரேக்க நாட்டு டிகோடர் கார்டு ஒன்றை வாங்கி மாட்டினார். ஸ்கைக்கு மாதம் சுமார் 700 பவுண்டு. கிரேக்க கார்டுக்கு வருஷம் முழுக்கச் சேர்த்தே சுமார் 800. கீழ் மட்ட கிளப்களின் கூட்டம் குறையக் கூடாது என்பதற்காக, சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் எந்தக் கால்பந்து நேரலையும் கூடாது என்று இன்றும் தடை இருக்கிறது. கிரேக்க சேனலில் அந்த 3 மணி ஆட்டங்களும் வந்தன. பிரீமியர் லீக் தரப்பில் வழக்குப் போட்டார்கள். அபராதமும் செலவுமாக 8 ஆயிரம் பவுண்டை நெருங்கியது. அந்த அம்மாள் விடவில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 2011-ல் தனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வாங்கினார். 2012-ல் லண்டன் உயர் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ஒரு தெருமுனைப் பப்புக்கு மேட்ச் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இனி பீரின் பக்கம். காஸ்க் ஏல் பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கிற பீர். நிலவறையில் 12 டிகிரி அளவில் வைத்து, தெளிய விட்டு, பதம் பார்த்துத் திறக்க வேண்டும். திறந்தபின் மூன்று நாளுக்குள் தீர்த்தாக வேண்டும்; காற்றுப் பட்டுப் பட்டு ருசி போய், கடைசியில் புளித்துவிடும். வழக்கமான பீப்பாயில் 72 பைன்ட். ஆள் வராத அமைதியான பப்பில் நாலு பம்புகளில் நாலு நல்ல ஏல் இருந்து பயனில்லை, நாலும் கெட்டுப்போகும். நல்ல பீருக்கு முதல் தேவை குடிக்க ஆள். அந்தக் கணக்கில் மேட்ச் கூட்டம் பீருக்கு நண்பன்.

ஆனால் இடைவேளையைப் பாருங்கள். யார்க்‌ஷயரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்தது இது. முதல் பாதி முடிந்த விசில் ஊதியதும் மொத்தக் கூட்டமும் கவுன்ட்டருக்குப் பாய்கிறது. பதினைந்தே நிமிடம். லாகர் வகைப் பீரின் குழாயைத் திறந்து கிளாஸைப் பிடித்தால் நிரம்பிவிடும். பக்கத்தில் ஏல் பம்பில் நின்ற பெண் நீளமாக, நிதானமாக, மூன்று இழுப்பு இழுத்து, நுரை அடங்கக் காத்திருந்து, கொஞ்சம் மேலே நிரப்பிக் கொடுக்கிறார். அவர் ஒருவருக்குக் கொடுப்பதற்குள் பக்கத்தில் நாலு லாகர் போய்விடுகிறது. வரிசையில் நின்றவர் ஒருவர் ஏல் கேட்க வாயெடுத்து, பின்னால் இருந்த கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, லாகர் என்று மாற்றிச் சொன்னார். இரண்டாம் பாதி முடிந்ததும் கூட்டம் மொத்தமாகக் கலைந்தது. நாள்தோறும் வருகிற சிலர் அன்று எட்டிப் பார்க்கவே இல்லை என்று அந்தப் பெண் சொன்னார். ஆளும் வந்து, ஏலும் போகாமல், வழக்கமான முகங்களும் காணாமல் போவதென்றால், அந்த மேட்ச் அந்தப் பீருக்கு என்ன செய்தது?

இதைத் தாங்க முடியாதவர்கள் தனிக் குடித்தனம் போய்விட்டார்கள். 2005-ல் கென்ட் மாவட்டத்தின் ஹெர்ன் கிராமத்தில் மார்ட்டின் ஹில்லியர் ஒரு பழைய இறைச்சிக் கடையில் புட்சர்ஸ் ஆர்ம்ஸ் என்ற குட்டிப் பப்பைத் திறந்தார். பீப்பாய், சில நாற்காலிகள், பேச்சு. டிவி கிடையாது, பாட்டு கிடையாது. அதைப் பார்த்து நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் மைக்ரோபப்கள் முளைத்தன. மின்னணுப் பொழுதுபோக்கு எதுவும் இல்லை என்பது அவற்றின் இலக்கணத்திலேயே சேர்ந்திருக்கிறது. டாட்காஸ்டரின் சாமுவேல் ஸ்மித் மதுக் கம்பெனி தன் பப்களில் டிவியையும் இசையையும் நிறுத்தி, 2019-ல் செல்போனையும் விலக்கியது. மறுபக்கம், பத்துப் பன்னிரண்டு திரைகளோடு விளையாட்டுக்கென்றே பெரிய பார்கள். ஒரே கூரைக்கு அடியில் இருந்த சுவர் இப்போது பப்புக்கும் பப்புக்கும் நடுவே போய்விட்டது. எனக்கு இதில்தான் வருத்தம். முன்பு ஏல் ரசிகரான அப்பாவும் கால்பந்துப் பைத்தியமான மகனும் ஒரே வாசலில் நுழைந்து, ஆளுக்கொரு அறைக்குப் போய், ஆட்டம் முடிந்ததும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தார்கள். இன்று இருவருக்கும் வேறு வேறு தெரு.

2000-ல் பிரிட்டனில் 60 ஆயிரத்துக்கு மேல் இருந்த பப்கள் இன்று 50 ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டன. மூடிக்கொண்டே போகும் தொழிலில் வாடிக்கையாளர்களை இரண்டாகப் பிரித்து வைப்பது யாருக்கும் நல்லதில்லை.

பழைய சுவர்கள் எல்லாமே நல்லவை என்று சொல்ல மாட்டேன். அவை ஆளையும் பிரித்தன. 1960-களில் பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெதிக்கில், இந்தியர்களுக்கு இந்த அறையில் இடமில்லை என்று சொன்ன பப்கள் இருந்தன. இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவ்தார் சிங் ஜோஹல் போன்றவர்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள். 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸே அந்த ஊருக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். அதே வருடம் வந்த இன உறவுச் சட்டம் பொது இடங்களில் அந்தப் பாகுபாட்டைத் தடை செய்தது. பிறகு பஞ்சாபிகளே அந்த வட்டாரத்துப் பப்களை வாங்கி நடத்தினார்கள். இன்று தேசி பப் என்று பெயர் பெற்ற அவற்றில், சூட்டோடு வரும் மிக்ஸ்டு கிரில் தட்டைச் சுற்றிச் சீக்கியரும் வெள்ளையரும் உட்கார்ந்து கிரிக்கெட்டும் கால்பந்தும் பார்க்கிறார்கள். 2005 ஆஷஸ் தொடருக்குப் பிறகு இங்கிலாந்தில் டெஸ்ட் கிரிக்கெட் கட்டணச் சேனலுக்குப் போய்விட்டதால், கிரிக்கெட்டுக்கும் பப்பே கதி என்று ஆனவர்கள் நம்மவர்களிலும் உண்டு. உள்ளே விடாத இடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்ததில் அந்தத் திரைக்கும் பங்கிருக்கிறது. டிவியே கூடாது என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே இந்தப் பப்கள்தான் ஞாபகம் வரும்.

லண்டன் ஹை ஹோல்பர்னில் பிரின்சஸ் லூயிஸ் என்ற பப் இருக்கிறது. முன்பு அகற்றிவிட்ட மர, கண்ணாடித் தடுப்புகளை 2007 வாக்கில் புதுப்பித்தபோது பழையபடியே திரும்ப வைத்தார்கள். பூவேலை செய்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிப்பது நிழலாகத் தெரியும், பேச்சு கேட்காது. அது சாமுவேல் ஸ்மித் கடை என்பதால் டிவி இல்லை. இடித்ததைத் திரும்பக் கட்ட முடியும் என்பதற்கு அது போதும். டிவி உள்ள பப்களிலும் அப்படிக் கட்டலாம், கதவு வைத்து. ஆளை நிறுத்துவதற்கு இல்லை, சத்தத்தை நிறுத்துவதற்கு. இங்கிலாந்தில் எத்தனையோ பப்களில் மாடியில் ஒரு பெரிய அறை பிறந்த நாள் விருந்துக்கும் எப்போதாவது ஒரு கூட்டத்துக்கும் மட்டும் திறந்து, மற்ற நாளில் பூட்டிக் கிடக்கிறது. திரையை அங்கே மாட்டட்டும், கூடவே ஒரு கைப்பம்பையும் வைக்கட்டும். இன்றைக்கு என்ன ஆட்டம், எந்த அறையில், எத்தனை மணிக்கு என்று வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்தால், பேச வந்தவர் கீழே உட்காருவார், கத்த வந்தவர் மேலே ஏறுவார்.