நிலா காய்ந்தால் வெளியே வராத மீன்

இந்தோனேசியாவின் பண்டா தீவுகளை உலகம் அறிந்தது ஜாதிக்காயால். ஐரோப்பியர்கள் அதற்காக அங்கே ரத்தம் சிந்தவைத்தார்கள். அந்தத் தீவுகளின் பவளப்பாறைகளில் வேறொரு செல்வமும் உண்டு: கண்ணுக்குக் கீழே விளக்கு வைத்திருக்கும் ஃபிளாஷ்லைட் மீன்.

பகலில் இந்தக் கறுத்த மீன் பாறைச் சரிவின் குகைகளிலும் இடுக்குகளிலும் பதுங்கிக் கிடக்கும். இருட்டியதும் கூட்டமாக வெளிப்பட்டு, நீரில் மிதக்கும் சிற்றுயிர்களை வேட்டையாடும். நிலா காயும் இரவுகளில் தலைகாட்டுவது அரிது. அமாவாசையை ஒட்டிய இரவுகள்தாம் இதன் காலம்.

விளக்கு மீனுடையதுதான், வெளிச்சம் பாக்டீரியாக்களுடையது. பண்டாவில் இந்த மீன்களை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி நியூட்டன் ஹார்வி 1922-இல் இதை எழுதினார். மீனின் ரத்தம் உணவும் ஆக்சிஜனும் தருகிறது. பாக்டீரியா ஒளி தருகிறது. மீனை விட்டுப் பிரித்தால் அவற்றை ஆய்வகத்தில் வளர்க்க முடிவதில்லை.

பாக்டீரியாக்கள் ஓயாமல் ஒளிரும் என்பதுதான் சிக்கல். எந்நேரமும் எரியும் விளக்கு எதிரிக்கு வழிகாட்டிவிடும். ஆகவே மீனுக்கு அணைக்கும் வித்தை வேண்டும். ஃபோட்டோபிளெஃபரான் என்ற வகை, ஒரு கறுப்புத் தோல்மடிப்பை இமைபோல் உயர்த்தி விளக்கை மூடிக்கொள்கிறது. அனோமலாப்ஸ் வகையோ விளக்கையே சுழற்றிக் கன்னத்துப் பள்ளத்துக்குள் திருப்பிவிடுகிறது. ஆய்வகத்தில் அனோமலாப்ஸைக் கவனித்து 2017-இல் வெளியான ஆய்வின்படி, இரவில் நிமிடத்துக்குச் சுமார் 90 முறை அது விளக்கைச் சிமிட்டுகிறது. இரை கண்ணில் பட்டால் சிமிட்டல் குறைந்து, விளக்கு பெரும்பாலும் திறந்தே இருக்கும். ஃபோட்டோபிளெஃபரான் எதிரியை ஏய்க்கவும் இதே வித்தையைக் கையாள்கிறது: ஒளி காட்டி ஒரு பக்கம் நீந்தும், அணைத்ததும் சட்டெனத் திசைமாறும். துரத்துபவனுக்கு அது போன இடம் தெரியாது.

பண்டா மீனவர்களுக்கு இந்த விளக்கின் அருமை முன்பே தெரியும். அதை வெட்டியெடுத்துத் தூண்டிலில் கோத்தால், மீன் செத்த பிறகும் மணிக்கணக்கில் ஒளிர்ந்து மற்ற மீன்களை ஈர்க்கும்.

இவ்வளவு நுட்பமும் செல்லுபடியாவது இருட்டில் மட்டுமே. முக்குளிப்பவர் டார்ச் அடித்தால் கூட்டம் இடுக்குகளுக்குள் மறைந்துவிடும். நிலவுக்கே ஒதுங்கும் மீன், கரையோர விடுதிகளின் விளக்குகளுக்கு நடுவே எப்படி இரை தேடும்? பவளம் உடையாமல் பார்த்துக்கொள்வது பாதி வேலைதான். பாறைக்கு மேலுள்ள இருட்டும் இந்த மீனின் வீட்டில் ஒரு பகுதி; அதையும் சேர்த்தே காக்க வேண்டும்.