செவிவழி வரலாறும் கூற்றுக்குரியோர் அடையாளமும்: கிறித்தவ நோக்கிலான உலக வரலாற்று ஒலிப்பதிவுகளை முன்வைத்து

உலக வரலாற்றை ஒலிப்பதிவுகளின் வழியே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிறித்தவ வீட்டுக்கல்விக் குடும்பங்களிடையே வேரூன்றிய ஒன்றாகும். பள்ளிக்கு அனுப்பாது வீட்டிலேயே கல்வி அளிப்பது 1993ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் சட்டத்தின் ஏற்பைப் பெற்றிருந்தது. அவ்வியக்கத்திற்கு ஆதரவாக நீதிமன்றங்களில் சான்றுரைத்த இறையியலாளர் ஆர். ஜே. ரஷ்டூனி (1916-2001), உலக வரலாறு குறித்துக் கிறித்தவ நோக்கில் ஆற்றிய சொற்பொழிவுகள் ஒலிநாடாத் தொடராகவும் பாடநூலாகவும் பரவின. டயானா வேரிங் போன்றோர் கதைகூறும் பாங்கில் அமைந்த தொடர்களை உருவாக்கினர். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகம் செய்த ஒலிப்பேழை இத்தகைய முயற்சிகளுக்கு வாய்ப்பான கருவியாயிற்று; பின்னர்க் குறுந்தகடும் கணினிக் கோப்பும் அதன் இடத்தைப் பிடித்தன.

இம்முறைக்கு முன்னோடியாக, வேறொரு நோக்கில் எழுந்த பணியொன்றும் உண்டு. ஜாய் ரிடர்ஹாஃப் அம்மையார் 1939இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்கிய காஸ்பல் ரெக்கார்டிங்ஸ் அமைப்பு, படிப்பறிவு இல்லாதோர்க்கென விவிலியச் செய்திகளை அவரவர் தாய்மொழியில் ஒலிப்பதிவு செய்தது. படைப்பில் தொடங்கிக் கிறிஸ்துவரை செல்லும் அதன் படத்தொடர்களும் ஒருவகையில் உலக வரலாற்றுக் கூற்றே எனலாம்.

இத்தொடர்களின் கொள்கை சரியா தவறா என்னும் வழக்கு இறையியலார்க்கும் வரலாற்றியலார்க்கும் உரியது. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் எழுப்பவேண்டிய வினா வேறு. வரலாற்றைக் காதால் கேட்கும் பிள்ளை, தான் கேட்கும் ஒவ்வொரு தொடரும் யாருடைய கூற்று என்பதை எதனால் அறியும்? அச்சிட்ட நூலில் மேற்கோட்குறி உண்டு, அடிக்குறிப்பு உண்டு, எழுத்தின் சாய்வும் பத்தியின் உள்ளடக்கமும் உண்டு. ஒலிப்பதிவில் இவற்றுள் ஒன்றும் கேட்பதில்லை. ஆவணம் கூறுவது, மறைநூல் கூறுவது, ஆசிரியர் கருதுவது ஆகிய மூன்றும் ஒரே குரலில் ஒரே சீராக வந்து விழுகின்றன.

எழுவாய் யார்?

கி.மு. 539இல் பாபிலோன் பாரசீகர் வசமான நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளலாம். கிறித்தவ நோக்கிலான வரலாற்றுத் தொடர்கள் தவறாது நின்று பேசும் இடம் இது. இதற்குச் சான்றுகள் மூன்று வகையின. நபோனிடஸ் மன்னனின் காலத்தைக் கூறும் பாபிலோனியக் குறிப்பேடு, சைரசின் படை போரின்றி நகருள் புகுந்தது என்கிறது. அங்கு எழுவாய் படை. 1879இல் பாபிலோன் இடிபாடுகளில் கிடைத்து இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கும் களிமண் உருளை, மார்டுக் தெய்வமே சைரசைத் தேடித் தேர்ந்ததாகப் பேசுகிறது. விவிலியத்தின் எஸ்றா நூலோ, இஸ்ரயேலின் கடவுளே அம்மன்னனின் உள்ளத்தைத் தூண்டினார் என்கிறது. நிகழ்ச்சி ஒன்று, எழுவாய் மூன்று.

நோக்கு என்பது கருத்துகளில் மட்டும் தங்குவதன்று. எழுவாய்த் தேர்விலேயே அது தொடங்கிவிடுகிறது. கிறித்தவ நோக்கில் வரலாறு கூறுவோர் மூன்றாம் எழுவாயைத் தமதாக ஏற்பது இயல்பே. அதனை அவர்கள் மறைப்பதுமில்லை. இடர்ப்பாடு, முதல் இரண்டும் அதனோடு கலந்து ஒலிக்கும்போதுதான் தோன்றுகிறது. பிள்ளை வளர்ந்தபின் களிமண் உருளையைப் பற்றிப் படிக்க நேரின், தான் கேட்டவற்றுள் எது அகழ்வாய்வின் செய்தி, எது நம்பிக்கையின் செய்தி எனப் பிரித்தறிய இயலாமற் போகும். நம்பிக்கை உடையோர்க்கும் இது இழப்பே.

'என்று' வரும் இடம்

இத்தகைய பதிவொன்றைத் தமிழாக்கம் செய்ய முற்படின், மொழியின் அமைப்பே ஒரு சிக்கலை முன்வைக்கிறது. ஆங்கில உரை பெரும்பாலும் சான்றை முதலில் நிறுத்திச் செய்தியைப் பின்னர்க் கூறும். தமிழில் வினை இறுதியில் நிற்பதால், பிறர் கூற்றைக் காட்டும் 'என்று' என்னும் இடைச்சொல்லும் கூற்று முடிந்த பிறகே வருகிறது. 'பாபிலோனின் பெருந்தெய்வமாகிய மார்டுக் அறநெறி தவறாத அரசன் ஒருவனைத் தேடிக் கோரேசைத் தேர்ந்தெடுத்தான் என்று களிமண் உருளை கூறுகிறது' என்னும் தொடரைக் கண்ணால் படிப்போர்க்குத் தடையில்லை. அவர்தம் பார்வை முன்னரே தொடர் முடிவைத் தொட்டுவிடும். காதால் கேட்போரோ பத்துச் சொற்கள் கடக்கும்வரை அதனை உரைப்பவரின் சொந்தக் கூற்றாகவே கொள்வர். கூற்று நீண்டு மூன்று நான்கு எச்சங்களைக் கோத்துக்கொண்டால், இறுதியில் வரும் 'என்று' வலுவிழந்து போகும்.

'ஆம்' என்னும் இடைச்சொல் இதற்குத் தீர்வாகலாமே எனத் தோன்றலாம். 'கோரேஸ் வந்தானாம்' என்றால் அது கேள்விச் செய்தி என்பது உடனே விளங்கும். ஆயின் தமிழ்ச் செவிக்கு 'ஆம்' பாட்டி கூறும் கதையின் தொனியையும், சில வேளைகளில் ஐயத்தின் தொனியையும் சுமந்து வருகிறது. மறைநூற் செய்திக்கு அதனைப் பெய்தால் நூலாசிரியர் நம்பாததை மொழிபெயர்ப்பாளர் நம்பாததாக்கிவிடுவார். உருளைச் செய்திக்கு மட்டும் பெய்தால் அது ஏளனமாகிவிடும். ஆகவே பழைய உரைநடை வழங்கிய 'கூறுவதாவது', 'கூறும் செய்தி இது' போன்ற முன்னறிவிப்புத் தொடர்களே ஒலிப்பதிவிற்கு ஏற்றவை. 'களிமண் உருளை கூறுவதாவது' எனத் தொடங்கிச் சற்றே நிறுத்திக் கூற்றைச் சொல்லுதல் வேண்டும். எழுத்தில் இவை சற்றுப் பழமை தட்டினவாகத் தோன்றலாம்; செவிக்கு அவை வழிகாட்டிகள்.

மேற்காட்டிய எடுத்துக்காட்டில் 'தேர்ந்தெடுத்தான்' என்னும் முற்றும் கவனிக்கத்தக்கது. ஆங்கில வினை உயர்வு தாழ்வு காட்டாது. தமிழ் வினை காட்டியே தீரும். கர்த்தருக்கு 'ஏவினார்' என்றும் மார்டுக்குக்குத் 'தேர்ந்தெடுத்தான்' என்றும் எழுதும் மொழிபெயர்ப்பாளர், மூலத்தில் இல்லாத தரவரிசை ஒன்றை ஈற்றெழுத்திலேயே அமைத்துவிடுகிறார். உரைப்பவரின் சொந்தக் கூற்றில் அது நோக்கின் வெளிப்பாடு எனக் கொள்ளலாம். உருளையின் கூற்றுக்குள் அவ்வாறு செய்வது பொருந்தாது. அதனைப் பொறித்த பாபிலோனியன் தன் தெய்வத்தைத் தாழ்த்திப் பேசியிருக்கமாட்டான்.

பெயர்களும் ஆண்டுகளும்

மேலே ஒரே மன்னன் சைரஸ் என்றும் கோரேஸ் என்றும் வந்தமை படிப்போர் கண்ணுக்குத் தப்பியிராது. பழம்பாரசீகக் 'குருஷ்' எபிரேயத்தில் 'கோரெஷ்' ஆகித் தமிழ் விவிலியத்தில் கோரேஸ் ஆயிற்று. கிரேக்கம், இலத்தீன், ஆங்கிலம் என வந்த வழியே பள்ளிப் பாடநூல் சைரசைப் பெற்றது. எஸ்தர் நூலின் அகாஸ்வேரு, பாடநூலின் செர்க்சஸ் எனப் பெரும்பாலோர் கொள்வர். இவ்விரு பெயர்களுக்கும் ஒலியொற்றுமை சிறிதும் இல்லை. லூக்கா நற்செய்தியின் அகுஸ்துராயனோ இன்னும் சுவையானவன். ரோமப் பேரரசனைக் குறிக்கத் தென்னாட்டு 'ராயன்' பட்டத்தை மொழிபெயர்ப்பாளர் எடுத்தாண்டமையால், விசயநகர மன்னர் வரிசையில் ஒருவனோ என மயங்கக் கேட்போர்க்கு இடமுண்டு. அச்சில் பிறைக்குறிக்குள் மற்றொரு பெயரைத் தந்துவிடலாம். ஒலிப்பதிவில், 'சைரஸ், விவிலியத்தில் கோரேஸ் என வழங்கும் மன்னன்' என முதன்முறை முழுமையாக உரைத்துப் பின்னர் ஒரே பெயரைக் கடைப்பிடித்தலே தக்கது.

ஆண்டுக் குறிப்பிலும் மொழி தன் பங்கைச் செலுத்துகிறது. கிறிஸ்து பிறப்பை மையமாகக் கொண்ட கணக்கை 525இல் வகுத்தவர் டயனீசியஸ் எக்சிகுவஸ்; 731இல் பீட் எழுதி முடித்த ஆங்கிலத் திருச்சபை வரலாறு அதனைப் பரப்பியது. ஆங்கிலத்தில் இக்கணக்கு வெறும் இரண்டு எழுத்துகளாக ஒலித்து மறைந்துவிடுகிறது. தமிழில் 'கி.மு.' என்பதை முறையாக வாசிப்போர் 'கிறிஸ்துவுக்கு முன்' என விரித்தே படிப்பர். எனவே தமிழ்ப் பதிவில் ஒவ்வோர் ஆண்டும் அப்பெயரை உரக்கச் சொல்லியே நகரும். 'பொது ஆண்டுக்கு முன்' என மாற்றுவோர் உண்டு. கிறித்தவ நோக்கை வெளிப்படையாகக் கொண்ட மூலத்திற்கு அம்மாற்றம் உண்மையானதாகாது.

வீட்டுக்கல்வியாளர் பலர், ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842-1923) வகுத்த மீட்டுரைத்தல் முறையைக் கையாளுகின்றனர். பிள்ளை ஒருமுறை மட்டும் கேட்டுத் தன் சொற்களில் திரும்பக் கூறவேண்டும். மொழிபெயர்ப்பாளர்க்கு இதனினும் சிறந்த சோதனை கிடைப்பது அரிது. பதிவின் முதல் வரைவைப் பிள்ளைகள் சிலரிடம் கேட்பித்து, அவர்கள் மீட்டுரைப்பதைக் குறித்துக்கொள்ளலாம். 'உருளை சொல்கிறது', 'எஸ்றா நூல் சொல்கிறது' என்பன எங்கெங்கே உதிர்ந்துபோயினவோ, அங்கெல்லாம் தொடரை முறித்து மறுபடியும் பதிவு செய்தல் வேண்டும்.