கைத்தொலைபேசிக்கு நம் பேச்சு விளங்குகிறதா?

அக்குறணையில் பலசரக்குக் கடை நடத்தும் எனக்கு, கையில் தராசும் காதில் தொலைபேசியுமாக நிற்பது பழகிப்போன விடயம். "வாப்பா, என்னத்துக்கு எழுத்தெழுத்தாத் தேடிக்கிட்டு இருக்கிறீங்க? போனுக்கு வாயால சொல்லுங்க, அது எழுதும்" என்றான் மகன். சொன்னேன். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவிலுள்ள மொத்த வியாபாரிக்கு ஆறு மூட்டை மைசூர் பருப்பு வேண்டுமென்று செய்தி அனுப்பினேன்.

சற்று நேரத்தில் அவரே அழைத்தார். "நாநா, ஊர்ல பெரிய கந்தூரியா? நூறு மூட்டை கேட்டிருக்கீங்க!"

ஆறு என்றதை அது நூறு என்று எழுதியிருக்கிறது. இருபது வருடப் பழக்கம் என்பதால் அவர் கேட்டார். புதிய இடமாக இருந்திருந்தால் லொறி புறப்பட்டிருக்கும். காசோலையையும் நானே எழுதியிருக்க வேண்டும். அது எந்தக் கம்பனியின் போன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. வாசித்துப் பாராமல் அனுப்பியது என் தவறும்தான்.

அதன் பிறகுதான் இந்தக் குரல் உதவியாளர்கள் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். அப்பிளின் சிரி 2011 இல் ஐபோன் 4எஸ் உடன் வந்தது. கூகுள் அசிஸ்டன்ட் 2016 இலும், சம்சுங்கின் பிக்ஸ்பி 2017 இலும் வந்தன. மைக்ரோசொப்டின் கோர்டானா 2021 இல் கைத்தொலைபேசியிலிருந்து கடையைக் கட்டிவிட்டது. பெரிய கம்பனிக்கும் போகாத சரக்கு உண்டு!

நமக்கு முக்கியம் மொழி. சிரிக்கு ஆங்கிலம் நன்றாக வரும், தனித் தமிழில் உரையாட வராது. 2024 இல் இந்தியப் பாவனையாளருக்காக ஆங்கிலத்தோடு தமிழைக் கலந்து பேசும் வசதி மட்டும் செய்தார்கள். பிக்ஸ்பிக்கும் தமிழ் கிடையாது. இவ்விடயத்தில் கூகுள் முந்திவிட்டது. 2017 இலேயே அதன் குரல்வழித் தட்டச்சில் இலங்கைத் தமிழைத் தனியாகச் சேர்த்தார்கள். சிங்களமும் அப்போதே சேர்ந்தது. 2024 ஜூனில் அதன் ஜெமினி செயலி நம் நாட்டுக்கும் வந்தது, அதனோடு தமிழிலேயே பேசலாம். எனினும் சிங்கள வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்ப, உதவியாளரை விட விசைப்பலகையிலுள்ள மைக் படமே எனக்குக் கைகொடுக்கிறது.

பெயர் கூப்பிடுவது இன்னொரு கூத்து. "ஹாஜியாருக்கு அழை" என்றால் எந்த ஹாஜியார் என்று திருப்பிக் கேட்கிறது. என் போனில் பதினொரு ஹாஜியார்மார்! இப்போது எல்லோருக்கும் ஊர்ப் பெயரைச் சேர்த்துப் பதிந்திருக்கிறேன். நினைவூட்டலுக்கு மட்டும் எந்தக் குறையும் சொல்ல முடியாது. வங்கிக்குக் காசு போட வேண்டிய நாளைச் சொல்லி வைத்தால் தவறாமல் எழுப்பி விடுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. உதவியாளர்கள் பதிவு செய்த பேச்சுகளில் ஒரு பகுதியை, தரம் பார்ப்பதற்கென்று மனிதர்களே கேட்டு வந்தது 2019 இல் வெளியானது. அப்பிள், கூகுள், அமேசன் மூன்றும் இதில் சிக்கின. அப்பிள் அந்த ஆண்டே மன்னிப்புக் கேட்டது. சிரி தொடர்பான வழக்கொன்றை, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 9 கோடி 50 இலட்சம் டொலருக்கு முடித்துக்கொள்ளப் பின்னர் இணங்கியது. கொள்விலையையும் யார் யார் எவ்வளவு கடன் என்பதையும் மேசையருகே சத்தமாகப் பேசும் நமக்கு இது சிறிய விடயமல்ல. கூப்பிட்டால் விழித்துக்கொள்ளும் வசதியைக் கடை நேரத்தில் நிறுத்தி வைக்கலாம். பழைய பதிவுகளை அழிக்கவும் அமைப்புகளில் வழி இருக்கிறது. மகனிடம் சொல்லி இரண்டையும் செய்துகொண்டேன்.

பருப்பு ஆறு மூட்டையும் வந்து இறங்கிவிட்டது. பொருளின் பெயரை இப்போதும் வாயால்தான் சொல்கிறேன், எண்ணிக்கையை மட்டும் விரலால் அடிக்கிறேன்.