கடல் நடுவே ஒரு குடம் நன்னீர்



தனியே பயணம் செய்பவன் தான் காண விரும்பியதைக் கண்டு திரும்புகிறான். குழந்தைகளை உடன் அழைத்துச் செல்பவனோ, அவர்கள் காட்டுவதையும் காணவேண்டியவனாகிறான். அவர்கள் கேட்பதற்கு விடை தேடவும் வேண்டியவனாகிறான். சென்ற பள்ளி விடுமுறையில் என் பத்து வயது மகனையும் ஏழு வயது மகளையும் அழைத்துக்கொண்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளுக்குச் சென்று வந்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனாயினும் நெடுந்தீவை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆதலால், பிள்ளைகளுக்கு மட்டுமன்றி எனக்கும் அது முதற் காட்சியே.

புறப்படும்போதே என் மகன், "தீவு என்றால் நான்கு பக்கமும் நீரால் சூழப்பட்ட நிலம்" என்று பாடப் புத்தகத்தில் படித்ததை ஒப்புவித்தான். அந்த இலக்கணம் எவ்வளவு குறைபாடுடையது என்பதை அவன் இரண்டே நாளில் கற்றுக்கொண்டான்.

யாழ் நகரத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே பேருந்து செல்கிறது. இருமருங்கும் பரவைக் கடல். அதன் ஆழமற்ற நீரில் தடிகளை வரிசையாக நட்டு வலை கட்டியிருக்கிறார்கள். முழங்காலளவு நீரில் ஒருவர் நடந்து செல்வதைக் கண்டு, "அப்பா, கடலில் மனிதர் நடக்கிறாரே!" என்று மகள் வியந்தாள். வேலணைத் தீவைக் கடந்து, மற்றொரு தாம்போதியால் புங்குடுதீவை அடைந்து, அதன் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் துறையில் பேருந்து நின்றது. ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் வழி. அதற்கப்பால் படகுதான்.

வழியில் மற்றொன்றையும் பிள்ளைகள் கவனித்தனர். கூரையில்லாத வீடுகள் பல. அவற்றின் உள்ளே மரங்கள் வளர்ந்திருந்தன. "இங்கே யாரும் இல்லையா?" என்றான் மகன். போர்க்காலத்தில், 1990-களின் தொடக்கத்தில், இத்தீவுகளின் மக்களுள் மிகப் பலர் இடம்பெயர்ந்தனர். குடாநாட்டுக்கும் கொழும்புக்கும் பின்னர் பிரான்சு, சுவிட்சர்லாந்து, கனடா முதலிய நாடுகளுக்கும் சென்றவர்களுள் பலர் திரும்பவில்லை. கோயில்கள் அவர்கள் அனுப்பிய பொருளால் புதுப்பொலிவு பெற்று நிற்கின்றன. வீடுகள் வெறுமையாய் நிற்கின்றன. இதனைச் சொன்னபோது மகன் சிறிது நேரம் பேசாதிருந்தான்.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். நாங்கள் சென்றது சோளகக் காற்று வீசும் பருவம். படகில் அரிசி மூட்டை, எரிவாயு உருளை, வாழைக்குலை, கோழிக்குஞ்சுப் பெட்டி எனத் தீவின் ஒரு நாள் வாழ்வே எங்களுடன் ஏறியிருந்தது. மருத்துவரிடம் சென்று திரும்பும் முதியவர் ஒருவரும் அருகில் இருந்தார். கடை, உயர் மருத்துவம், அலுவலகம் ஆகிய எதற்கும் கடல் கடக்க வேண்டும். காற்று மிகுந்து படகு நின்றால் காத்திருக்க வேண்டும். நகரத்தில் பேருந்து பத்து நிமிடம் தாமதித்தால் சினங்கொள்ளும் நமக்கு, கடலின் மனநிலையைப் பார்த்து நாளை வகுத்துக்கொள்ளும் இவர்களுடைய பொறுமை ஒரு பாடமாகும்.

நெடுந்தீவின் மாவிலித்துறையில் இறங்கியதும் பிள்ளைகள் ஒரு நினைவுச் சின்னத்தைக் கண்டனர். அதில் பொறித்த பெயர்களை மகன் வாசிக்கத் தொடங்கினான். எதனைச் சொல்வது, எதனை மறைப்பது என்று ஒரு கணம் தயங்கினேன். பின்னர் உள்ளதைச் சொன்னேன். பல்லாண்டுகள் இத்தீவு மக்களைச் சுமந்த படகு குமுதினி. 1985 மே 15 அன்று அது நடுக்கடலில் மறிக்கப்பட்டது. ஆயுதமின்றிப் பயணம் செய்தவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர், கைக்குழந்தை உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டனர். கடற்படையைச் சேர்ந்தவர்களே இதனைச் செய்தனர் என்று உயிர் பிழைத்தோர் சாட்சியம் கூறினர். "நாம் வந்த இதே கடலிலா?" என்று மகன் கேட்டான். "ஆம், இதே கடலில்" என்றேன். தீவாருக்குப் படகு என்பது வெறும் வாகனமன்று. வெளியுலகோடு அவர்களை இணைக்கும் ஒரே நூல். அந்த நூலின்மீது விழுந்த வெட்டு எத்தகையது என்பதை அந்தத் துறையில் நின்றபோதுதான் நானும் உணர்ந்தேன்.

நிற்க. தீவின் உள்ளே செல்வோம்.

நெடுந்தீவின் பரப்பு ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீட்டர். கிடுகு வேலியையும் கதியாலையும் கண்டு பழகிய கண்களுக்கு இங்கே முதலிற் புதுமையாய்த் தோன்றுவது மதில்கள். பவளப் பாறைத் துண்டுகளைச் சாந்து ஏதுமின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். காற்று இடுக்குகளால் நுழைந்து செல்கிறது; ஆதலால் சோளகமும் அவற்றைச் சாய்ப்பதில்லை. பாறையிலிருந்து கல்லை அகற்றினால்தான் பயிரிட மண் கிடைக்கும். அகற்றிய கல்லே மதிலாகிறது. இல்லாமையிலிருந்து பிறந்த கலை என்று இதனைச் சொன்னால் மிகையாகாது.

பிள்ளைகளைப் பெரிதும் கவர்ந்தவை மட்டக் குதிரைகள். காட்டில் வாழ்வன போலக் கட்டின்றித் திரிகின்றன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இங்குக் குதிரை வளர்த்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் பிரித்தானிய அதிகாரி அதனைத் தொடர்ந்து நடத்தினார். ஆட்சிகள் மறைந்தன, குதிரைகள் மட்டும் எஞ்சின. கோடையில் நீர் வற்றும்போது அவை தாகத்தால் மடிவதும் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து அரபு வணிகர் கொண்டுவந்தனர் என்று கருதப்படும் பெருக்கமரம் ஒன்றும் அங்கே உள்ளது. அதன் அடிமரத்தின் பொந்துக்குள் என் பிள்ளைகள் இருவரும் நுழைந்து மறைந்து விளையாடினர். ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடும், பவளக் கல்லாலான கோட்டையின் இடிபாடும், மேற்கே வெடியரசன் கோட்டை என்று மக்கள் வழங்கும் இடத்தில் பௌத்த தூபிகளின் எச்சங்களும் உள்ளன. புறாவின் காலில் கடிதம் கட்டி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினர் என்பதைக் கேட்டு, "கைப்பேசிக்குப் பதில் புறாவா?" என்று மகள் சிரித்தாள்.

ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினர். வேலணை லைடன் ஆயிற்று. காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம். அப்பெயர்களெல்லாம் மறைந்தன. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் என்னும் பெயர் மட்டும் ஆங்கில வழக்கில் இன்றும் நிலைத்திருக்கிறது.

இனி, இப்பயணத்தின் உயிரான செய்திக்கு வருகிறேன். அறிந்தவர் ஒருவர் வீட்டில் நாங்கள் தங்கினோம். அவ்வீட்டு ஆச்சி மூக்குப்பேணியில் குடிநீர் கொடுத்தார். மகள் பாதி குடித்துவிட்டு மிச்சத்தை முற்றத்தில் ஊற்றக் கையை ஓங்கினாள். ஆச்சி அவள் கையை மெல்லப் பிடித்தார்.

"சும்மா ஊத்தாதை மோனை. அந்த முருங்கையடியிலை ஊத்து. இஞ்சை தண்ணியைக் கண்டபடி செலவழிக்கேலாது."

அதட்டலன்று, அன்புதான். ஆயினும் மகளின் முகம் சிவந்துவிட்டது. சுற்றிலும் கடல், குடிக்க ஒரு பேணி நீர் அரிது என்பது எங்ஙனம்? அன்று மாலை பிள்ளைகளுக்கு நான் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இத்தீவுகளில் ஆறில்லை, மலையில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வாடைக்கால மழையே ஆண்டு முழுவதற்கும் முதல். அந்நீர் துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்குகிறது. பாறையின் அடியிலோ, பக்கத்திலிருந்து கசிந்த கடல்நீர் இருக்கிறது. நன்னீர் கடல்நீரைவிட இலேசானது. ஆதலால், பாலின்மேல் ஆடை மிதப்பதுபோல, உவர்நீரின்மேல் நன்னீர் ஒரு படலமாக மிதக்கிறது. தீவின் நடுவில் அது தடித்தும் கரையோரத்தில் மெலிந்தும் இருக்கும். இதன் கணக்கை ஒல்லாந்து நாட்டுக் கைபன் என்பவரும் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் என்பவரும் தனித்தனியே கண்டறிந்தனர். கிணற்று நன்னீர் கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பதே அது. அதன் மறுபக்கம் அச்சந்தருவது. அளவுக்கு மீறி இறைத்து மேலே ஓரடி தாழ்ந்தால், அடியிலிருந்து உவர்நீர் நாற்பதடி மேலேறி வரக்கூடும். பின்பு அக்கிணறு மீண்டும் இனிப்பதற்குப் பல மழைக்காலங்கள் வேண்டும்.

நம் முன்னோர் இக்கணக்கை எழுதி வைக்கவில்லை, ஆனால் அறிந்திருந்தனர். மணற்பாங்கான இடங்களில் ஆழமாகத் தோண்டாமல், பூவல் என்று சொல்லும் சிறு குழிகளில் ஊறும் நீரை மெல்ல மொண்டெடுத்தனர். ஆழத் தோண்டினால் உவர் என்பதும், ஒரேயடியாக இறைத்தால் உவர் என்பதும் அவர்கள் பட்டறிவு. இயந்திர இறைப்பு வந்தபின் அந்த நிதானம் பல இடங்களில் தவறியது. இன்று கடல்நீரை நன்னீராக்கும் நிலையமும் நெடுந்தீவில் உள்ளது. அது பெரும் உதவியே; எனினும் இயந்திரம் பழுதுபட்டால் மக்கள் மீண்டும் நாடுவது கிணற்றையே.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. பசிபிக் மாகடலில் கிரிபாட்டி, துவாலு என்னும் நாடுகள் உள்ளன. அவை முழுவதும் அல்லது பெரும்பாலும் தாழ்ந்த பவளத் தீவுகளால் ஆனவை. கிரிபாட்டி மக்கள் பெரிதும் இதே நன்னீர்ப் படலத்தையே நம்பி வாழ்கின்றனர். கடல் மட்டம் உயர உயர அப்படலம் மெலிகிறது. பேரலை ஒருமுறை நிலத்தின்மேல் ஏறினாலும் கிணறுகள் கெடுகின்றன. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வாழும் அம்மக்களின் கவலை நெடுந்தீவு ஆச்சியின் கவலைதான்.

மறுநாள் நயினாதீவு சென்றோம். குறிகட்டுவானிலிருந்து கால் மணி நேரப் பயணம். நாகபூஷணி அம்மன் ஆலயமும் நாக விகாரையும் ஒரே தீவில் நின்று இருவேறு அடியார் கூட்டத்தை வரவேற்கின்றன. மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் இத்தீவே என்பது அறிஞர் பலரின் கருத்து. அங்குள்ள பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு முதலாம் பராக்கிரமபாகுவுடையது. பேராசிரியர் இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963-இல் வெளியிட்டார். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பிறநாட்டு வணிகரைக் காக்கவேண்டும் என்று அது கூறுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால், நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவருக்கு. வணிகப் பொருள் ஏற்றிவந்த கப்பலாயின் சரிபாதி. "குதிரை கொண்டுவந்தவருக்கு ஏன் கூடுதல்?" என்று மகன் கேட்டான். அரசனுக்குப் படை வேண்டும்; குதிரை கொண்டுவருவோர் அஞ்சி நின்றுவிடலாகாது என்றேன். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் உடைந்த கப்பலுக்கும் உடையவன் உண்டு என்று சொன்ன சட்டம் இக்கடலில் இருந்தது. முதல் நாள் மாவிலித்துறையில் கண்டதை எண்ணிக்கொண்டு, அக்கல்லின் முன் சிறிது நேரம் நின்றேன்.

திரும்பும் வழியில் ஊர்காவற்றுறையையும் பார்த்தோம். யானைகளை ஏற்றிய துறையாதலால் போர்த்துக்கேயர் அதனை யானைத்துறை என்றே அழைத்தனர். கயிட்ஸ் என்ற பெயர் அதன் திரிபு. அருகே கரம்பொனில்தான் 1913-இல் தனிநாயகம் அடிகள் பிறந்தார். தமிழாராய்ச்சியை உலகெங்கும் கொண்டுசென்ற அப்பெரியார், கடலைத் தடையாக அன்றி வழியாகக் கண்ட மண்ணில் தோன்றியவர். துறைக்கு எதிரே கடலின் நடுவில் சிறு கோட்டை ஒன்று தெரிகிறது. இலங்கையை உப்பிட்ட பன்றித் தொடையின் வடிவாகக் கண்ட ஒல்லாந்தர், அதன் குதிக்காலில் இக்கோட்டை இருப்பதாக எண்ணி ஹமன்ஹீல் என்று பெயரிட்டனர். அதைக் கேட்டு மகள் சிரித்த சிரிப்பு ஊர்காவற்றுறை வீதி முழுதும் கேட்டிருக்கும்.

நெடுந்தீவை விட்டுப் புறப்பட்ட காலையில் மகன் ஆச்சியிடம், "உங்கள் பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்களாமே, நீங்கள் ஏன் அங்கே போகவில்லை?" என்று கேட்டுவிட்டான். நான் அவனைத் தடுக்க நினைத்தேன். ஆச்சி சிரித்தார்.

"எல்லாரும் போனால் இந்தக் கிணத்திலை ஆர் தம்பி அள்ளுறது? அள்ளாத கிணறு பழுதாப் போகுமெல்லே."

இறைத்த கிணறு ஊறும் என்று நாம் பழமொழி சொல்வோம். அளவுக்கு மீறி இறைத்தால் உவர். இறைக்காதே விட்டால் பாழ். நடுவே நின்று நாள்தோறும் ஒரு குடம் அள்ளுவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் இருக்கும் வரைதான் தீவு ஊராக இருக்கும். இல்லையேல் அது கடல் நடுவே கிடக்கும் பாறை.

வீடு திரும்பிய பின்னர் ஒருநாள் குழாயடியில் மகள் நிற்கக் கண்டேன். பாதி குடித்த பேணியைக் கையில் வைத்துக்கொண்டு, முற்றத்திற் செடி தேடிக்கொண்டிருந்தாள்.